இருபது ஆட்டங்களின் கணக்கு

பெரம்பலூரில் பஸ் ஏறி வடக்கே போனால் சென்னை; தெற்கே இறங்கித் திருச்சியில் மேற்கே திரும்பினால் கோயம்புத்தூர்; இரண்டும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரந்தான். ஆகவே, சென்னையின் பெயரைத் தரித்துக்கொண்டு கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டிருந்த ஒரு கால்பந்து அணியை, அவ்விரண்டு ஊர்க்காரர்களுக்கும் நடுவில் இருக்கும் நாம் உரிமை கொண்டாடினால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. சென்னை சிட்டி என்னும் அந்த அணிதான் 2018–19ஆம் ஆண்டு ஐ-லீக் என்னும் அகில இந்திய லீக் போட்டியின் பட்டத்தை வென்றது. தமிழ்நாட்டிலிருந்து அதை அடைந்த முதல் அணியும் அதுவே.

பொங்கலை ஒட்டி அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லீக் என்னும் ஏற்பாடு முதலில் சற்று மந்தமாகவே தோன்றும். கபடியில் தோற்றவர்கள் வேனேறிப் போய்விட, ஜெயித்தவர்கள் மேலும் மேலும் ஆடி, பொழுது விடிவதற்குள் கோப்பை யாருக்கு என்பது தெரிந்துவிடும். லீக்கிலோ யாரும் வெளியேறுவதில்லை. அந்தப் பருவத்தில் இருந்த 11 அணிகளில் ஒவ்வொன்றும் மற்றப் பத்தையும் தன் ஊரில் ஒரு தடவையும் அவர்கள் ஊரில் ஒரு தடவையும் சந்தித்தாக வேண்டும். ஆக 20 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஐப்பசியில் கரிசலில் மக்காச்சோளம் ஊன்றியவன் ஒரு நாள் மழையைக் கண்டு மகசூலைச் சொல்லிவிடாததுபோல, ஐப்பசியில் தொடங்கி மாசிக் கடைசி வரை நீண்ட இந்த ஆட்டப் பருவத்திலும், ஸ்ரீநகரின் குளிரிலும் ஐஸ்வாலின் மலையிலும் கோவாவின் கடற்கரையிலும் சிறுகச் சிறுகச் சேர்ந்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துத்தான் சாம்பியனைச் சொல்ல முடிந்தது.

முந்தின வருஷம் பத்து அணிகளில் எட்டாவதாக முடித்திருந்த சென்னை சிட்டியிடம் யாரும் பிரமாதமாக எதையும் எதிர்பார்க்கவில்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த சிலரையும், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ் முதலிய நம்மவர்களையும் சேர்த்து, பந்தை அவசரமின்றிக் காலுக்குக் கால் கடத்தி முன்னேறும் ஓர் ஆட்டத்தை அவர்களுக்குப் பழக்கினார். 2018 அக்டோபர் 26 அன்று, பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். அதில் மூன்று கோல்களைப் போட்ட பெட்ரோ மான்சி, பருவம் முடிவதற்குள் 21 கோல்களைச் சேர்த்துவிட்டார்.

இவ்வளவு இருந்தும் கடைசிக்கு முந்தின ஆட்டத்தில், ஜெயித்தால் பட்டம் என்ற நிலையில், கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸ் அணியிடம் 2-3 என்று தோற்றார்கள். கணக்கு மீண்டும் திறந்துகொண்டது. சென்னை சிட்டிக்கு 40, கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு 39; பாக்கி ஒரே ஆட்டம். 2019 மார்ச் 9 அன்று இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் பந்து உருண்டது. கோயம்புத்தூரில் எதிரே நின்றது முந்தின வருஷத்துச் சாம்பியனான மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிஷத்திலேயே அவர்கள் ஒரு கோல் போட்டுவிட, பாதி ஆட்டம் முடியும் வரை அது அப்படியே நின்றது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு கோல் விழுந்தால் போதும், பட்டம் கல்கத்தாவுக்குப் போய்விடும் என்ற நிலைமை. 56ஆவது நிமிஷத்தில் பெனால்டியில் மான்சி சமன் செய்தார். அதன் பிறகு வந்தவர்தான் இந்தக் கதையில் யாரும் எதிர்பாராத மனிதர்: கோல் போடுவதை அல்ல, தடுப்பதையே உத்தியோகமாகக் கொண்ட பின்கள ஆட்டக்காரர் கௌரவ் போரா. 69ஆவது நிமிஷத்தில் ஒன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் மற்றொன்று என்று இரண்டு கோல்களை அவர் போட்டார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி, பிறகு 2-1 என்று ஜெயித்தது. ஆனால் 43க்கு 42. ஒற்றைப் புள்ளி!

வேடிக்கை என்னவென்றால், நாட்டில் அப்போதே ஐ.எஸ்.எல். என்னும் மற்றொரு பெரிய லீக்கும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தது. அதில் ஆடிய சென்னையின் இன்னோர் அணியான சென்னையின் எஃப்.சி. அதே பருவத்தில் கடைசி இடத்தில் இருந்தது. கீழே ஜெயித்தவர் மேலே ஏறவும் மேலே தோற்றவர் கீழே இறங்கவும் அவ்விரண்டுக்கும் இடையே அப்போது ஏணி போடப்பட்டிருக்கவில்லை. ஏணியில்லாத வீட்டில் மாடி எதற்கு என்று கேட்கத் தோன்றியது. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துச் சம்மேளனத்தின் சம்மதத்துடன் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல்நிலை லீக் என்றும் ஆகிவிட்டது.

பட்டத்தின் பயனாக ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றில் ஆடும் வாய்ப்பு சென்னை சிட்டிக்குக் கிடைத்தது. 2020 ஜனவரியில், சென்னையிலும் அல்ல, கோயம்புத்தூரிலும் அல்ல, ஆமதாபாத்தில், பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். 2020–21 பருவத்துக்குப் பின் ஐ-லீக் அணிகளின் வரிசையில் அந்தப் பெயர் இல்லை.