விற்ற கார் வாசலுக்குத் திரும்பி வந்தால்...

பழைய காரை விற்றாயிற்று, பணமும் கைக்கு வந்தாயிற்று. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, வாங்கினவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் ஆபீஸில் இருப்பார். எங்கள் குமரி மாவட்டத்தில் பலர் வீட்டிலும் போல வளைகுடா நாட்டிலேயே இருப்பார். பதில் சொல்ல வேண்டியது நாம்தானே? ஆகவே சகோதரிகளே, கார் சமாசாரம் ஆண்கள் சமாசாரம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

நாகர்கோவிலில் நாங்கள் பத்து வருஷம் ஓட்டிய ஆல்ட்டோவைக் குலசேகரம் பக்கத்து இளம் தம்பதிக்கு விற்றோம். இடையில் புரோக்கர் கிடையாது. பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையோடு வந்துவிட்டார்கள்.

"அக்கா, ஏ.ஸி.யில காத்து சூடாட்டு வருது. ஏத்தத்துல கிளட்ச் வழுக்குது. மேட்டைத் தூக்கினா அடியில துரு. பதினஞ்சாயிரம் திருப்பித் தாங்க, இல்லேன்னா பேரு மாத்த மாட்டேன்" என்றார் அந்தத் தம்பி.

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்து, ஓட்டித்தானே எடுத்தீரு?" என்று ஆரம்பித்தார். நான் ஆளுக்கொரு கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தேன். அந்தப் பெண்ணையே குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதினேன். யாராவது எழுதுகிறார்கள் என்றால் சத்தம் தானாக இறங்கிவிடும்! எழுதி முடித்தபோது பதினைந்தாயிரம் போய், மூன்று குறைகள் மட்டும் நின்றன.

துரு நாங்கள் மறைத்த விஷயமல்ல. கடலோரத்து உப்புக்காற்று கதவின் அடியையும் தரைத் தகட்டையும் தின்னாமல் விடாது. 'தரைத் தகட்டில் துரு உண்டு, ஓடிய கிலோமீட்டர் இவ்வளவு, உள்ள நிலையில் விற்கப்படுகிறது' என்று சீட்டு எழுதி, தேதியும் நேரமும் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தோம். அதைக் காட்டியதும் துருப் பேச்சு முடிந்தது. கிளட்ச் தேய்கிற சாமான். பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் இன்னும் சீக்கிரம் தேயும். ஏ.ஸி.தான் நியாயமான குறை. விற்ற அன்று நன்றாகக் குளிர்ந்தது. இரு தரப்புக்கும் பழக்கமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காட்டியதில், கண்டென்ஸரில் கசிவு என்றார். செலவில் பாதி நாங்கள் தருவதாக ஒத்துக்கொண்டோம்.

"ஏன் கொடுக்கணும்?" என்றாள் என் மதினி. கட்டாயமில்லைதான். 1930-ம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டப்படி, பொதுவாகப் பார்த்து வாங்குவது வாங்குகிறவர் பொறுப்பு. ஏமாற்றி விற்றால் கதை வேறு. கிலோமீட்டரைக் குறைத்து வைப்பது, 2017 ஒக்கிப் புயலிலோ 2021 நவம்பர் வெள்ளத்திலோ மூழ்கிய வண்டிக்குப் பெயின்ட் அடித்து மறைப்பது, இதெல்லாம் மோசடி. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி பேரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். எங்கள் வண்டியில் அப்படி எதுவும் இல்லை. என் கண்ணெல்லாம் பேர் மாற்றத்தின் மேல்தான் இருந்தது.

மனத்தாங்கலோடு போகிறவர் பேர் மாற்றத்தை இழுத்தடிப்பார். ஆபத்து நமக்கு. 2007-ல் விற்கப்பட்டு, பல கை மாறிப் போன ஒரு கார், 2009-ல் பின்னோக்கி வரும்போது ஆட்களை இடித்து ஓர் உயிர் போனது. ஆர்.சி.யில் முதலில் விற்றவரின் பேரே இருந்ததால், நஷ்ட ஈடு அவர் தலையில்தான் என்று 2018 பிப்ரவரி 6-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது, இல்லையா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ம் பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு 29-ம் நம்பர் படிவம். வாங்கினவருக்கு 30 நாள் தவணை, 30-ம் நம்பர் படிவம். எங்கள் படிவத்தை நாலாம் நாளே இவர் கொடுத்து ரசீதும் வாங்கியிருந்தார். ஆனாலும் ஆர்.சி.யில் பேர் மாறினால்தான் நிம்மதி. ஆகவே, ஏ.ஸி. செலவில் எங்கள் பங்கை அவர் பேர் மாற்ற மனுக் கொடுத்த கையோடு தருவதாகப் பேசினோம். அப்படியே நடந்தது. 'இந்த மூன்று குறைகள் பற்றி இனிக் கோரிக்கை இல்லை' என்று அந்த நோட்டிலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

இன்ஷூரன்ஸையும் வாங்கினவர் தன் பேருக்கு மாற்ற 14 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும், ஞாபகப்படுத்துங்கள். பாஸ்டேக்கை உரித்து, வங்கியில் சொல்லிக் கணக்கை மூடிவிடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் மறந்துவிட்டார். விற்ற வண்டி நாங்குநேரி டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் இவர் பணம் கழிந்தது!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. நமக்குப் பாதிச் சொந்தம் களியக்காவிளைக்கு அந்தப் புறம். வாங்குகிறவர் பாறசாலைக்காரர் என்றால் 28-ம் நம்பர் படிவம் கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கேரளத்தில் மறுபதிவும் வரியும் உண்டு. அந்தச் செலவு யாருடையது என்பதை விலை பேசும்போதே பேசி, சீட்டிலும் எழுதிவிடுங்கள்.