குடிநீர்க் குழாய்க்குள் சாக்கடை நுழைவது எப்படி?

குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை, எங்காவது விரிசல் இருந்தாலும் உள்ளிருப்பது வெளியே கசியுமே தவிர, வெளியே கிடப்பது உள்ளே வராது. தண்ணீர் நின்று குழாய் காலியானதும் நிலைமை தலைகீழாகிறது. விரிசலைச் சுற்றித் தேங்கிய கழிவுநீரைக் குழாயே உறிஞ்சிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் சாக்கடைக்குள்ளேயே போகிறது. தண்ணீரோ ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது, சில ஊர்களில் அதுவும் இல்லை. போதாக்குறைக்கு இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். அப்படிச் செய்பவர் அடுத்த வீட்டுத் தண்ணீரை எடுப்பதோடு நிற்பதில்லை, தெருவுக்கே காலராவையும் டைபாய்டையும் மஞ்சள்காமாலையையும் இழுத்துவிடக்கூடும். அந்த மோட்டாரைப் பறிமுதல் செய்ய உள்ளாட்சி தயங்கக் கூடாது.

கலங்கலும் நாற்றமும் தெரியும் முன்பே கலப்படத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டுப் பார்த்தால், மஞ்சள் நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். தொட்டியருகே மஞ்சள் காட்டிய தண்ணீர் உங்கள் தெருவில் நிறமே மாறவில்லையென்றால், வழியில் அழுக்கு சேர்ந்து குளோரினைத் தின்றிருக்கலாம். உடைப்பைத் தேட வேண்டியது அந்த இடைவெளியில்தான். இந்தச் சோதனையை உங்கள் வீட்டுக் குழாயில் செய்துகாட்டும்படி தொட்டி ஆபரேட்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேட்பது சலுகை அல்ல. மாசற்ற நீரைப் பெறுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. புகாரை வாய்மொழியாக விட்டுவிடாமல் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தொட்டி கழுவிய தேதிகளையும் ஆய்வகப் பரிசோதனை முடிவுகளையும் கேட்டால், பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கிராமமென்றால் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அதே கேள்வியை எழுப்பித் தீர்மானமாக்கலாம்.

உடைப்பைச் சரிசெய்யும்வரை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்தே குடியுங்கள். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடும் உப்பும் போகாது. குழாயை மாற்றிய பிறகு முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் திறந்துவிடுங்கள். வீட்டுத் தரைத்தொட்டியையும் மாடித் தொட்டியையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகே நிரப்புங்கள், பழைய கழிவு அங்கேயும் தங்கியிருக்கும்.