ராணிக்கு வெளியூர் மாப்பிள்ளை

புதுவைத் தாவரவியல் பூங்காவில் பூக்களைச் சுற்றி இரையும் பெரிய கருவண்டைப் பார்த்து 'பம்பிள் பீ' என்பவர்கள் உண்டு. அது காய்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் தச்சுத் தேனீ. ரோமம் போர்த்திய பம்பிள் தேனீ குளிர்நாட்டுப் பூச்சி. இந்தியாவில் அதைக் காண பெரும்பாலும் இமயமலைக்குத்தான் போக வேண்டும்.

தக்காளிப் பூவின் மகரந்தம் குழலுக்குள் அடைபட்டிருக்கும். பூவைப் பற்றி உடலை அதிரவைத்து அதை உதிர்ப்பது பம்பிள் தேனீயின் வித்தை. (நம் கத்தரிப் பூவில் தச்சுத் தேனீயும் அதையே செய்கிறது.) 1987 வாக்கில் பெல்ஜியத்துக் கால்நடை மருத்துவர் ரோலாண்ட் டி யோங்கே பம்பிள் தேனீக்களைப் பெட்டியில் வளர்த்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். இமாசலத்தின் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்திலும் ஓர் இமயமலை இனத்தை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தொழிலின் முதலே ராணிதான். ராணி கனமாக இருக்க வேண்டும். பண்ணைகளில் வளர்க்கும் ஐரோப்பிய இனத்தில் சுமார் 0.6 கிராமுக்குக் குறைந்தவை குளிர்கால உறக்கத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் கொழுத்த ராணியையும் கவிழ்க்கும் கோளாறு ஒன்று மரபணுவில் இருக்கிறது.

தேனீக்களில் கருவுற்ற முட்டை பெண், கருவுறாதது ஆண் என்று படித்திருப்போம். உண்மையில் தீர்ப்புச் சொல்வது ஒரு மரபணு இடம். அங்கே தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரு வேறு வடிவங்கள் வந்தால் பெண். கருவுறாத முட்டையில் ஒரே பிரதிதான், ஆகவே ஆண். கருவுற்றும் இரண்டும் ஒரே வடிவமாக அமைந்துவிட்டால்? அதுவும் ஆண்தான், கூட்டுக்கு உதவாத ஆண்.

சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்தால் இந்தப் பொருத்தம் எளிதாக நேரும். சில ராணிகளை மட்டும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கும் பண்ணையில் கூடப்பிறந்தவையே ஜோடி சேரும். அப்படிச் சேரும் ஜோடிகளில் பாதியில், வேலைக்காரிகளாக வேண்டிய முட்டைகளில் பாதி ஆணாகிவிடும். பம்பிள் ராணி தன்னந்தனியாகக் கூடு தொடங்குபவள். முதல் ஈட்டில் பாதி வேலை செய்யாத ஆண்கள் என்றால் அந்தப் பெட்டி எழாது. ஐரோப்பிய இனத்து ராணி பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் இணைசேர்கிறாள். மாப்பிள்ளை பொருந்தாவிட்டால் மறுவாய்ப்பு இல்லை. அதனால் பண்ணைக்காரர்கள் எடையைப் பார்ப்பதோடு வம்சாவளியையும் பார்த்தாக வேண்டும், அவ்வப்போது வெளி ரத்தமும் சேர்த்தாக வேண்டும்.

நம் ஊர்ப் பெட்டிகளில் இருக்கும் இந்தியத் தேனீக்கும் இதே விதிதான். ஆனால் அதன் ராணி வானில் பறந்து பல ஆண்களுடன் சேர்வதால் சேதம் பரவி நீர்த்துப்போகிறது. தவறான ஆண் புழுக்களை வேலைக்காரிகளே தின்று அப்புறப்படுத்திவிடும். அதனால் நோய் எதுவும் தெரியாமலேயே புழு அடை பொத்தலும் பொட்டலுமாகக் கிடந்தால், ஒரே குடும்பத்தைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கிய பண்ணையா என்று கேட்டுப் பார்க்கலாம். அப்படியானால், தூரத்து ஊரிலிருந்து ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது நல்லது.