டெஷூட்ஸ் ஆற்றங்கரை முகாம்கள்

பசிபிக் கடலிலிருந்து வரும் மழைமேகங்களைக் கேஸ்கேட் மலைத்தொடர் தடுத்துவிடுவதால், அதற்குக் கிழக்கே உள்ள நடு ஒரிகன் வறண்ட மேட்டுநிலமாகக் கிடக்கிறது. சேஜ்பிரஷ் புதரும் ஜூனிப்பர் மரமுமே இங்கு மிகுதி. இந்நிலத்தை அறுத்துக்கொண்டு டெஷூட்ஸ் ஆறு வடக்கே ஓடிக் கொலம்பியா ஆற்றில் கலக்கிறது. மலையில் உருகும் பனிநீரை நுண்துளைகள் நிறைந்த எரிமலைப் பாறை உறிஞ்சி, ஊற்றுகளாக மெல்ல வெளிவிடுகிறது. ஆகவே கடும் கோடையிலும் ஆறு வற்றுவதில்லை. பாலைநிலத்தில் இது அரிய பேறு.

ஆற்றின் போக்கில் மௌபின் ஊருக்குக் கீழே கிழக்குக் கரையோரம் முகாம்கள் வரிசையாக உள்ளன. அவற்றுக்குச் செல்லும் சாலை ஒரு பழைய ரயில் தடம். 1909 முதல் 1911 வரை ஹில், ஹாரிமன் என்னும் இரு ரயில் அதிபர்களின் ஆட்கள் எதிரெதிர்க் கரைகளில் போட்டி போட்டுப் பாதை அமைத்தனர். மேற்குக் கரையில் சரக்கு ரயில் இன்றும் ஓடுகிறது. அதன் ஓசை இரவில் கூடாரங்கள் வரை கேட்கும்.

பகலில் கொளுத்தும் வெயில் மறைந்ததும் குளிர் விரைவாக இறங்கும். பள்ளத்தாக்குக் காற்றும் வலுவானது என்பதால் கூடார முளைகளை ஆழமாக அடிக்க வேண்டும். தங்கும் வசதி கொண்ட ஆர்.வி. வண்டிகளுக்கு மின்இணைப்போ குடிநீர்க் குழாய் இணைப்போ இம்முகாம்களில் இல்லை. தேவையான நீரைக் கொண்டுவருவதே முறை.

காய்ந்த புல் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அதனால் கோடையில் விறகு, கரி நெருப்புக்குத் தடை உண்டு. சமையலுக்கு எரிவாயு அடுப்பு. பாறையிடுக்குகளில் கிலுகிலுப்பைப் பாம்புகள் ஒதுங்கும் என்பதால் அங்கும் கவனம் தேவை.