கை தட்டாதீர்கள்!

ரோட்ஸ் தீவில் ஒரு வண்ணப்பூச்சிப் பள்ளத்தாக்கு

மரம் நிறையப் பட்டைகள். பாறை நிறையப் பாசி. நடுவே சிறு ஓடை சலசலவென்று ஓடுகிறது. வேறு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

யாரோ ஒருவர் பலமாகக் கை தட்டுகிறார்.

அவ்வளவுதான்! மரப்பட்டை போல் இருந்தவை எல்லாம் சிறகு விரிக்கின்றன. செக்கச்செவேல் என்று ஆயிரம் ஆயிரம் பூச்சிகள் எழும்புகின்றன. பள்ளத்தாக்கே தீப்பிடித்தது போல் சிவக்கிறது.

"ஆகா! என்ன அழகு!" என்று பார்த்தவர்கள் கூவுகிறார்கள்.

ஆனால் அந்த ஒரு கைதட்டல், அந்தப் பூச்சிகளின் ஆயுளில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. அது எப்படி?

அதைத் தெரிந்துகொள்ளுமுன், இந்த அதிசயம் இருக்கும் தீவைச் சற்றுச் சுற்றிப் பார்த்து வருவோம்.

எங்கே இருக்கிறது?

கிரேக்க நாட்டுக்குச் சொந்தமான தீவுகள் ஏராளம். அவற்றுள் ஒன்று ரோட்ஸ். இது துருக்கி நாட்டின் கரைக்கு மிக அருகில் இருக்கிறது. தீவின் நீளம் ஏறத்தாழ 80 கிலோ மீட்டர். பரப்பு சுமார் 1,400 சதுர கிலோ மீட்டர். ஒன்றேகால் லட்சம் மக்கள் இங்கே வாழ்கிறார்கள்.

கிழக்கே போகும் கப்பல்கள் பலவும், மேற்கே போகும் கப்பல்கள் பலவும் இந்தத் தீவைத் தாண்டிப் போயின. அதனால் பலருக்கும் இதன்மேல் கண். இந்தத் தீவு பார்க்காத எதிரி இல்லை. படாத அடி இல்லை.

விழுந்த சிலை

கி.மு. 305-ம் ஆண்டில் டெமெட்ரியஸ் என்ற தளபதி பெரும் படையோடு ரோட்ஸ் நகரை வளைத்துக்கொண்டான். சக்கரம் வைத்த பிரமாண்டமான மரக் கோபுரத்தைச் செய்து, இரும்புத் தகடு அடித்து, மதிலை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தான். ஊர்மக்கள் அசையவில்லை. மறு ஆண்டு அவன் சமாதானம் செய்துகொண்டு திரும்பிவிட்டான். போர்க் கருவிகளை அங்கேயே போட்டுவிட்டுப் போனான்.

ரோட்ஸ் மக்கள் அவற்றை விற்றார்கள். கிடைத்த பணத்தில் தங்கள் சூரிய தெய்வத்துக்கு ஒரு வெண்கலச் சிலை எடுத்தார்கள். அதைச் செய்தவர் காரெஸ் என்ற சிற்பி. வேலை முடிய 12 ஆண்டுகள் ஆயின. உயரம் சுமார் 33 மீட்டர். பத்து மாடிக் கட்டடம் அளவு! பழங்கால உலகத்தின் ஏழு அதிசயங்களில் அதுவும் ஒன்று.

அந்தச் சிலை நூறு ஆண்டுகூட நிற்கவில்லை. கி.மு. 226 வாக்கில் பூமி அதிர்ந்தது. சிலை முழங்காலோடு முறிந்து விழுந்தது.

"நான் பணம் தருகிறேன், திரும்பக் கட்டுங்கள்" என்றார் எகிப்து மன்னர். மக்கள் தெய்வத்திடம் குறி கேட்டார்கள். "வேண்டாம்" என்று வந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள். விழுந்து கிடந்த சிலையைப் பார்க்கவே பல நாட்டார் வந்தார்கள். அதன் கட்டைவிரலை இரு கையாலும் கட்டிப்பிடிப்பதே கஷ்டம் என்று ரோமாபுரி அறிஞர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஏறத்தாழ 900 ஆண்டுகள் கழித்து, அதை உடைத்துப் பழைய வெண்கலமாக விற்றுவிட்டார்கள் என்பது வரலாறு.

சிலையின் இரு கால்களுக்கு நடுவே கப்பல்கள் போயின என்று பலரும் படம் வரைந்திருக்கிறார்கள். அது வெறும் கற்பனை. இன்று துறைமுக வாயிலில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. ஒன்றின்மேல் ஆண் மான். மற்றொன்றின்மேல் பெண் மான். இவைதான் இப்போது தீவின் சின்னம். மான்கள் இந்தத் தீவின் காடுகளில் இன்றும் திரிகின்றன.

மதிலுக்குள் ஒரு நகரம்

துறைமுகத்தை ஒட்டிப் பழைய நகரம் இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு கிலோ மீட்டர் நீளத்துக்குக் கல் மதில். மதிலை ஒட்டி அகழி. அகழியில் தண்ணீர் இல்லை. அதில் இறங்கி நடந்தே மதிலைச் சுற்றி வரலாம்.

இந்தக் கோட்டையை இன்றுள்ள வடிவில் கட்டியவர்கள் புனித ஜான் சங்கத்து வீரர்கள். ஜெருசலேமில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கிய கிறிஸ்தவத் துறவிகள், பின்பு வாள் எடுத்துப் போர்வீரர்கள் ஆனார்கள். 1309 முதல் 1522 வரை ரோட்ஸ் தீவு அவர்கள் கையில் இருந்தது.

"வீரர்கள் தெரு" என்று ஒரு தெரு. கூழாங்கல் பாவிய தெரு. இரு பக்கமும் கல் மாளிகைகள். பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி என்று ஒவ்வொரு நாட்டு வீரருக்கும் தனித்தனி விடுதி. அவர்கள் நடத்திய ஆஸ்பத்திரி இன்று பொருட்காட்சி சாலை. தலைமுடியை இரு கையாலும் விரித்துப்பிடித்தபடி குந்தியிருக்கும் சிறு பளிங்கு அழகியை அங்கே காணலாம்.

1480-ல் துருக்கியர் படை வந்தது; தோற்றுத் திரும்பியது. 1522-ல் சுல்தான் சுலைமானே நேரில் வந்தார். ஆறு மாதம் பீரங்கி முழங்கியது. கடைசியில் வீரர்கள் பணிந்தார்கள். சுல்தான் அவர்களைக் கொல்லவில்லை. ஆயுதங்களோடு கப்பல் ஏற விட்டார்.

தெருவின் உச்சியில் வீரர் தலைவரின் அரண்மனை இருக்கிறது. 1856-ல் அருகே வெடிமருந்து வெடித்ததில் அது சிதைந்தது. தீவை ஆண்ட இத்தாலியர் 1937 முதல் 1940 வரை அதைத் திரும்பக் கட்டினார்கள். தீவு கிரேக்க நாட்டோடு முறைப்படி சேர்ந்தது 1948-ல். பழைய நகரத்தை யுனெஸ்கோ 1988-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இது வெறும் காட்சிக் கோட்டை அல்ல. மதிலுக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. மாடியில் துணி காய்கிறது; வாசலில் பூனை தூங்குகிறது.

கண்ணீர்ச் சதுக்கம்

கோட்டைக்குள் ஒரு சதுக்கம். அதன் நடுவே கடற்குதிரை உருவங்கள் கொண்ட ஒரு நீரூற்று. அங்கே கறுப்புக் கல்லில் ஒரு நினைவுச் சின்னம்.

இந்தப் பகுதியில் பல நூறு ஆண்டுகளாக யூதர்கள் வாழ்ந்தார்கள். 1944 ஜூலை மாதம் ஹிட்லரின் படையினர் அவர்களைப் பிடித்துப் படகில் ஏற்றினார்கள். குழந்தை, கிழவர், நோயாளி என்று பார்க்கவில்லை. 1,600-க்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்குப் போனார்கள். உயிர் பிழைத்தவர் சுமார் 150 பேர்தான்.

அன்று அங்கே இருந்த துருக்கித் தூதர் செலாஹத்தின் உல்குமென், "இவர்கள் எங்கள் நாட்டுப் பிரஜைகள்" என்று வாதாடி 40-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார். 1577-ல் கட்டிய யூதர் கோவில் ஒன்று இன்றும் அருகே நிற்கிறது. அந்த வழியே போகிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

கடல்மேல் ஒரு கோவில்

நகரத்திலிருந்து தெற்கே 50 கிலோ மீட்டரில் லிண்டோஸ் இருக்கிறது. பெரிய சிலை செய்த காரெஸ் பிறந்த ஊர் இதுதான்.

கீழே பால் போல் வெள்ளை வீடுகள். மேலே 116 மீட்டர் உயரப் பாறை. அதன் உச்சியில் அதீனா தேவியின் கோவில். படி ஏற முடியாதவர்களைக் கழுதைகள் சுமந்து போகின்றன. ஏறும் வழியில் பாறையிலேயே ஒரு போர்க்கப்பல் செதுக்கியிருக்கிறது. வயது சுமார் 2,200 ஆண்டு!

மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஊர். மறு பக்கம் நீலக் கடல். கீழே பாறைகள் சூழ்ந்த சிறு குடா. புனித பவுல் வந்து இறங்கிய இடம் அதுதான் என்று ஊரார் சொல்கிறார்கள்.

இன்னும் தெற்கே, தீவின் முனையில் பிரசோனிசி. ஒரு மணல் திட்டு. அதன் இருபுறமும் கடல். ஒரு பக்கம் அலை கொந்தளிக்கும். மறு பக்கம் அமைதியாக இருக்கும். கோடையில் மணல்மேல் நடந்து எதிரே உள்ள சிறு குன்றுக்குப் போகலாம். குளிர்காலத்தில் அலை வந்து பாதையை மூடிவிடும்.

தீ வந்தது

2023 ஜூலையில் தீவின் காடுகளில் தீப்பிடித்தது. காற்றும் வெயிலும் சேர்ந்து அதைக் கடற்கரைவரை துரத்தின. சுமார் 19,000 பேரை வெளியேற்றினார்கள். பலரைக் கடற்கரையிலிருந்தே படகில் ஏற்றினார்கள். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டார் பள்ளிக்கூடங்களிலும் விளையாட்டு அரங்கங்களிலும் படுத்துத் தூங்கினார்கள்.

பூகம்பம், போர், தீ. எல்லாம் வந்தன. தீவு நிற்கிறது.

அன்பு செய்யும் கேடு

இப்போது வண்ணப்பூச்சிப் பள்ளத்தாக்குக்குத் திரும்புவோம். இது ரோட்ஸ் நகரத்திலிருந்து 25 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

இங்கே இருப்பவை உண்மையில் பட்டாம்பூச்சிகள் அல்ல, அந்துப்பூச்சி இனம். முன் சிறகு கறுப்பு. அதில் வெளிர் கோடுகள். மூடியிருந்தால் மரப்பட்டை போலவே இருக்கும். உள்ளே இருக்கும் பின் சிறகுதான் சிவப்பு.

கோடையில் தீவு வறண்டு காய்கிறது. இந்தப் பள்ளத்தாக்கிலோ ஓடையும் நிழலும் இருக்கின்றன. வாசனைப் பிசின் வடிக்கும் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. ஜூன் மாதத்தில் பூச்சிகள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து சேர்கின்றன. செப்டம்பர் வரை தங்குகின்றன.

இந்த நாட்களில் அவை இரை தேடுவதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த சத்தை வைத்தே உயிர் வாழ்கின்றன. விளக்கில் ஊற்றிய எண்ணெய் மாதிரி. கோடை முடியும்போது ஆணும் பெண்ணும் சேரவேண்டும். பெண் பூச்சி பறந்து போய் முட்டை இடவேண்டும். அதற்கும் அந்த எண்ணெய்தான். வேறு எண்ணெய் இல்லை.

ஒருவர் கை தட்டினால் பூச்சி பறக்கிறது. எண்ணெய் கொஞ்சம் குறைகிறது. அடுத்தவர் விசில் அடிக்கிறார். மறுபடி பறக்கிறது. இன்னும் குறைகிறது. கோடை முழுதும் உல்லாசப் பயணிகள் வந்தபடி இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தட்டு தட்டினால்? முட்டை இடும் நாள் வருமுன் விளக்கு அணைந்துவிடும். முட்டை இல்லாவிட்டால் அடுத்த கோடைக்குப் பூச்சி ஏது? இப்படித்தான் இங்கே பூச்சிகளின் எண்ணிக்கை குறைந்துவந்திருக்கிறது.

அதனால்தான் "சத்தம் போடாதீர்கள், பூச்சிகளைக் கலைக்காதீர்கள்" என்று வழியெல்லாம் எச்சரிக்கிறார்கள்.

சிலையைச் சாய்த்தது பூகம்பம். மதிலைத் துளைத்தது பீரங்கி. இந்தப் பூச்சிகளுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். ஆசையோடு பார்க்க வருகிறவர்களின் வெறும் கையே போதும்.

கை கட்டி நின்று பார்த்தாலும் பூச்சிகள் தெரியும். கொஞ்சம் பொறுமை வேண்டும். கண் பழகப் பழக, பட்டை என்று நினைத்தது பூச்சியாகத் தெரிகிறது. ஒன்று பத்தாகிறது, பத்து நூறாகிறது. திடீரென்று எங்கோ ஒன்று தானாகச் சிறகு விரிக்கிறது. ஒரு துளி சிவப்பு, உடனே மறைந்துவிடுகிறது.

அதைப் பார்த்துவிட்டுச் சத்தமின்றித் திரும்புகிறவர்களால்தான், அடுத்த கோடையிலும் அந்தப் பள்ளத்தாக்கு சிவக்கும்.