தண்ணீர் அடிக்கும், ஆள் நிற்க வேண்டாம்: தொழிற்சாலைத் தீயில் ‘போர்ட்டபிள் மானிட்டர்’ என்ன செய்யும்?

2022 செப்டம்பர் 28. காஞ்சிபுரம் மாவட்டம், ஒரகடத்தை அடுத்த தேவரியம்பாக்கத்தில் ஒரு காஸ் சிலிண்டர் கிடங்கு தீப்பிடித்தது. பலருக்குத் தீக்காயம். சிகிச்சையில் இருந்தவர்களில் சிலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்துபோனார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் வண்டியை விட்டு இறங்கும் தீயணைப்பு வீரருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. சூடேறிய சிலிண்டர் வெடிக்காமல் இருக்க வேண்டுமானால் அதன் மேல் விடாமல் தண்ணீர் விழ வேண்டும். ஆனால், எது எப்போது வெடிக்கும் என்று தெரியாத இடத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்கக் கூடாது. தண்ணீர் அங்கே இருக்கணும், ஆள் அங்கே இருக்கக் கூடாது. இதற்கு என்ன வழி?

அதற்காக உருவானதுதான் போர்ட்டபிள் வாட்டர் மானிட்டர். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நாலு பக்கம் விரியும் கால்கள், நடுவில் திருப்பக்கூடிய குழாய், முனையில் பெரிய நாசில். சிறிய மாடல்களை ஒருவரே தூக்கிக்கொண்டு ஓடலாம். தீ இருக்கும் திசையில் தரையில் வைத்து, ஹோஸை மாட்டி, குறி பார்த்துத் திறந்துவிட்டால் ஆள் பின்வாங்கிவிடலாம். சில மாடல்களில் நாசில் தானாகவே இடமும் வலமும் திரும்பித் திரும்பி அடிக்கும்.

மானிட்டர் என்றதும் கம்ப்யூட்டர் ஞாபகம் வருவது இயல்பு. இது வேறு. 19-ம் நூற்றாண்டில் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடியவர்கள் மலைச்சரிவுகளையே தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தார்கள். அதற்குப் பயன்பட்ட ராட்சத நாசிலை மானிட்டர் என்று அழைத்தார்கள். அடித்துக்கொண்டு போன சேறு கீழே இருந்த விவசாய நிலங்களை மூடியதால், 1884-ல் நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. மலையைக் கரைத்த சாதனத்தின் பெயர்தான் இன்று தீயணைப்பு வண்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கையால் ஏன் பிடிக்க முடியாது?

தண்ணீர் முன்னால் பாயும்போது நாசில் பின்னால் உதைக்கும். நிமிடத்துக்கு 475 லிட்டரை 7 பார் அழுத்தத்தில் அடித்தால் அந்த உதை ஏறத்தாழ 30 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து சமாளித்துவிடலாம். அதே அழுத்தத்தில் 1,900 லிட்டர் என்றால் உதை சுமார் 115 கிலோ. மனிதக் கைகளுக்கு அது ஆகாத வேலை.

மானிட்டரின் கால்களில் இருக்கும் கூர்முனைகள் இந்த உதையைத் தரைக்குக் கடத்துகின்றன. நாசில் மேல்நோக்கி இருந்தால் உதையின் ஒரு பகுதி கால்களைத் தரையோடு சேர்த்து அழுத்தும்; பிடிமானம் கூடும். ரொம்பத் தாழ்த்தினால் மொத்த உதையும் பின்னுக்குத் தள்ளும், கருவி நழுவும். அதனால்தான் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே இறங்காதபடி தடுப்பு வைத்திருப்பார்கள். வழவழப்பான ஃபேக்டரி தரையில் கூர்முனை பிடிக்காது. பட்டை போட்டு ஏதாவது ஒரு தூணோடு கட்டியாக வேண்டும். கருவி எகிறினால் தானாகவே தண்ணீரை நிறுத்தும் வால்வு சில மாடல்களில் உண்டு. அது இல்லாத கருவி கட்டு அறுத்துக்கொண்டால், பக்கத்தில் நிற்பவரின் எலும்பு மிஞ்சாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ல் தீயணைப்பு வாரம் தொடங்குகிறது. பல கம்பெனிகளில் அன்று ட்ரில், கேக், குரூப் போட்டோ. அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு சாவுக் கணக்கு இருக்கிறது. 1944-ல் அதே நாளில் பம்பாய் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் தீப்பிடித்தது. வீரர்கள் ஹோஸோடு தீயை எதிர்த்து நின்றபோதே கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஆளைப் பின்னால் நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் முன்னால் அனுப்புவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

காஸ் தீயில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கசிவை அடைக்க முடியாத நிலையில் தீயை மட்டும் அணைப்பது ஆபத்து. எரியாமல் வெளியேறும் காஸ் தரையோடு பரவி, வேறெங்கோ ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். எனவே எரிவதை எரிய விட்டு, சுற்றியிருக்கும் சிலிண்டர்களைக் குளிர வைப்பார்கள். மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலைக்கு மானிட்டர் கச்சிதமான ஆள். பெட்ரோல், தின்னர் தீ என்றால் வெறும் தண்ணீர் வேலைக்கு ஆகாது. எரியும் திரவம் மிதந்து பரவும். அங்கே ஃபோம் கலந்து அடிக்க வேண்டும்.

இரண்டு நிமிடம், இருபது வினாடி

சரி, ஒரு மானிட்டர் வாங்கி வைத்துவிட்டால் போதுமா? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நம் ஊரில் பரவலாகப் பார்க்கும் தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். நிமிடத்துக்கு 1,900 லிட்டர் குடிக்கும் மானிட்டரை அதில் மாட்டினால், டேங்க் காலியாக ஆகும் நேரம் இரண்டு நிமிடம் இருபது வினாடி சொச்சம். 12,000 லிட்டர் லாரி வந்தாலும் ஆறு நிமிடம்தான். ஒரு மணி நேரம் ஓட்ட 1,14,000 லிட்டர் வேண்டும்; அதாவது இருபத்தைந்து வண்டித் தண்ணீர். பெட்ரோலிய நிறுவனங்களுக்கான ஓஐஎஸ்டி விதிகள் நான்கு மணி நேரத் தண்ணீரைச் சேமித்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஹோஸும் ஒரு தடைதான். 63 மி.மீ. ஹோஸ் ஒன்றில் 1,900 லிட்டரைத் திணித்தால், ஒவ்வொரு 30 மீட்டருக்கும் மூன்று பாருக்கு மேல் அழுத்தம் உராய்விலேயே போய்விடும். இரண்டு ஹோஸாகப் பிரித்தால் அந்த இழப்பு கால்வாசியாகக் குறையும். மானிட்டரில் இரண்டு வாய் இருக்க, ஒன்றில் மட்டும் ஹோஸ் மாட்டிவிட்டு “வீச்சே இல்லையே” என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஜெய்ப்பூர் இதைப் பெரிய அளவில் காட்டியது. 2009 அக்டோபர் 29-ல் சீதாபுரா எண்ணெய் முனையத்தில் கசிந்த பெட்ரோல் ஆவி மேகமாகத் திரண்டு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். கிடங்குகள் சுமார் 11 நாட்கள் எரிந்து தாமாக அடங்கின. விசாரித்த எம்.பி.லால் குழு, தொலைவிலிருந்து இயக்கக்கூடிய, அதிகத் தண்ணீரை நெடுந்தூரம் வீசும் மானிட்டர்களைப் பரிந்துரைத்தது.

பட்டுத் தெருவுக்கு இது வேணாம்

காஞ்சிபுரம் நகரத்தின் கதை வேறு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடும் தறியும் ஒரே கூரைக்குள் இருக்கும். பட்டு நூல் சட்டென்று பற்றும் சாதியல்ல; கருகும், தீயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அணைந்துவிடும். மரத்தறி, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், பாலியெஸ்டர் இவைதான் எரியும். அங்கே மானிட்டரைத் திறந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன் எடை அந்த வீட்டுக்குள் போய் இறங்கும். பழைய சுவர் தாங்காது. தறியில் இருக்கும் சேலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சந்துக்குள் சின்ன ஹோஸ்தான் சரி.

வெளியிலிருந்து அடிக்கும் தண்ணீருக்கு வேறொரு வரம்பும் உண்டு. 2017 மே 31-ல் சென்னை தி.நகரில் ‘தி சென்னை சில்க்ஸ்’ கட்டிடம் எரிந்தபோது, நாலாபுறமும் அடைத்திருந்த சுவர்களில் துளை போட்டுத்தான் தண்ணீரை உள்ளே செலுத்த முடிந்தது. ஒரு நாளுக்கு மேல் எரிந்த கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நுழைய வழியில்லாத இடத்தில் எவ்வளவு பெரிய நாசில் இருந்தும் சுவரைத்தான் நனைக்கும்.

ஆக, மானிட்டருக்கு உண்மையான வேலை இருப்பது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம்: பெயின்ட் ஷாப், கெமிக்கல் கிடங்கு, காஸ் யார்டு. அங்கே வேலை பார்ப்பவர் சேஃப்டி அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி, “மானிட்டர் இருக்கா?” என்பதல்ல. “அதை முழுசாத் திறந்தா நம்ம டேங்க் எத்தனை நிமிஷம் தாங்கும்? டீசல் பம்ப் கடைசியா எப்போ ஓடுச்சு?” என்பதுதான். கரன்ட் போனால் மின்சார பம்ப் நின்றுவிடும். தீ விபத்தில் முதலில் போவதும் கரன்ட்தான்.

இது ஏரிகள் நிறைந்த மாவட்டம், தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று தோன்றலாம். உறிஞ்சும் பம்ப் நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்கு மேல் தண்ணீரை இழுக்காது. வண்டி கரை வரை போக உறுதியான பாதை வேண்டும். மே மாதத்தில் ஏரி வற்றி, நடுவில் மட்டும் குட்டையாகக் கிடக்கும் தண்ணீரை எட்ட எத்தனை ஹோஸ் வேண்டும் என்பதைத் தீ வருவதற்கு முன்பே ஒருவர் நடந்து போய் அளந்திருக்க வேண்டும்.