சென்னையின் முதல் 'கரன்ட்' இன்ஜின்: ரயில் கேமுக்குள் கொண்டு வருவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதை ஓரமாக அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ நிற்பவர்களுக்கு, தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்கம்பி புதுசு. 1960-களில் மீட்டர் கேஜாகப் போடப்பட்ட பாதை இது. 2013-ல்தான் அகலப் பாதையாகத் திறந்தார்கள். கரன்ட் கம்பி வந்தது அதற்கும் பிறகு. கரிசல் காட்டுக்கும் சீமைக் கருவேலத்துக்கும் நடுவே புகையே இல்லாமல் ஒரு இன்ஜின் போவது இந்தப் பக்கத்துக்குச் சமீபத்திய காட்சி.

ஆனால் செல்போனில் கதையே வேற. சென்னையைச் சேர்ந்த ஹைப்ரோ இன்டராக்டிவ் நிறுவனத்தின் 'இந்தியன் ட்ரெயின் சிமுலேட்டர்' மாதிரி கேம்களில், ஊருக்குக் கம்பி வருவதற்கு முன்னாலேயே பசங்க எலக்ட்ரிக் இன்ஜின் ஓட்டிப் பழகிட்டாங்க. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு படி மேலே போய், பழைய பிரிட்டிஷ் எலக்ட்ரிக் இன்ஜின்களை 'ஆட்-ஆன்' ஆக இறக்கி ஓட்டுகிறார்கள்.

அப்படியே நம்ம ஊர் பழைய இன்ஜினையும் ஓட்ட முடியுமா? தமிழ்நாட்டில் 1931-லேயே ஓடிய எலக்ட்ரிக் இன்ஜின் இருக்கிறதே? அங்கேதான் சிக்கல்.

ஆட்-ஆன்னா என்ன?

கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துவிட்டு, சமையலுக்கு நாமே ஆள் கூட்டிப் போகிறோம் இல்லையா, அது மாதிரிதான். கேம் என்பது மண்டபம். இன்ஜின், பெட்டி, பாதை, ஸ்டேஷன் எல்லாம் வெளியிலிருந்து யாரோ செய்து கொடுப்பது.

2001-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரில் மொத்தமே ஆறு பாதைகள். இந்தியப் பாதை ஒன்றுகூட கிடையாது. ஆனால் ரசிகர்கள் தாங்களே இன்ஜின் செய்து உள்ளே போட அதில் வழி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இந்திய ரசிகர்கள் நம்ம ஊர் இன்ஜின், பெட்டிகளை எல்லாம் வரிசையாகச் செய்து சேர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் அந்த கேமை எப்போதோ கைவிட்டுவிட்டது. என்றாலும் 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச மென்பொருள் அதே ஃபைல்களை இன்றும் படிக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் செய்த இன்ஜினை இன்றைக்கும் ஓட்டலாம்.

1931: பீச் டு தாம்பரம்

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ல் பம்பாயில் ஓடியது. ஆறு வருஷம் கழித்து, 1931 மே மாதம், தென்னிந்திய ரயில்வே சென்னை பீச் - தாம்பரம் பாதையில் மின்சார ரயிலைத் தொடங்கியது. சுமார் 29 கி.மீ. தூரம். 1500 வோல்ட் டிசி மின்சாரம். தண்டவாளம் மீட்டர் கேஜ். அருப்புக்கோட்டைக்காரர்கள் பல வருஷம் பார்த்துப் பழகிய அதே ஒரு மீட்டர் அகலம்.

பயணிகளுக்கு மின்சார ரயில் பெட்டிகள் வந்தன. அவற்றோடு நான்கே நான்கு இன்ஜின்களும் வந்தன. செய்தது இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த ஹாதார்ன் லெஸ்லி கம்பெனி. பிற்பாடு இவற்றுக்கு ஒய்சிஜி-1 என்று பெயர் வைத்தார்கள். ஒய் என்றால் மீட்டர் கேஜ், சி என்றால் டிசி மின்சாரம், ஜி என்றால் சரக்கு. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது.

நியூகாசிலுக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. அங்கே ஆற்றங்கரைச் சரக்குப் பாதையில் செங்குத்தான ஏற்றம், நடுவே சுரங்கம். நீராவி இன்ஜின் புகையில் ஆட்கள் மூச்சுத் திணறினார்கள். அதனால் 1905-லேயே அங்கே இரண்டு எலக்ட்ரிக் இன்ஜின்களை இறக்கிவிட்டார்கள். அவற்றில் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஷில்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சென்னை இன்ஜினில் ஒரு சுவாரசியம். கம்பி இல்லாத சைடிங்குக்குள் போக வேண்டியிருந்தால், பேட்டரி ஏற்றிய தனி வண்டி ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொள்ளும். கம்பியில் பாதி, பேட்டரியில் பாதி என்று ஓடும் இன்ஜின் இன்றைக்கு வந்தால் 'ஹைபிரிட்' என்று பெரிய விளம்பரமே போடுவார்கள். கேம் செய்பவருக்கு இதுவே முதல் தலைவலி. கம்பி இல்லாத இடத்தில் எலக்ட்ரிக் இன்ஜினுக்குச் சக்தி பூஜ்யம் என்றுதான் பொதுவாக கேமுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். பின்னால் மாட்டிய வண்டியிலிருந்து கரன்ட் எடு என்று அதற்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டும்.

ஓட்டுவதே வேற மாதிரி

பழைய வீடுகளில் சுவரில் பெரிய டப்பா மாதிரி ஃபேன் ரெகுலேட்டர் இருக்குமே, தொட்டால் சுடுமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். ஃபேனை மெதுவாகச் சுற்றவைக்க, மிச்ச மின்சாரத்தை அந்தச் சுருள் சூடாக மாற்றி வீணாக்கும்.

அந்தக் காலத்து டிசி இன்ஜின்களின் அடிப்படையும் அதுதான். நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு 1500 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் கருகிவிடும். அதனால் முதலில் மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, நடுவே மின்தடைகளைப் போடுவார்கள். டிரைவர் கைப்பிடியை ஒவ்வொரு நாட்ச்சாக நகர்த்த நகர்த்த, ஒவ்வொரு தடையாக விலகும். எல்லாம் விலகிய பிறகு மோட்டார்களின் இணைப்பு பக்கவாட்டுக்கு மாறும். மறுபடி தடைகள் உள்ளே வந்து, மறுபடி ஒவ்வொன்றாக விலகும்.

நடு நாட்ச்சில் ரொம்ப நேரம் நின்றால் தடைகள் கொதித்துப் போகும். அவசரமாக நகர்த்தினால் சக்கரம் வழுக்கும், அல்லது பிரேக்கர் விழுந்துவிடும். நிதானமாக ஓட்டக்கூடிய வேகங்கள் இரண்டோ மூன்றோதான். நடுவில் ஒரு வேகம் வேண்டுமென்றால், கரன்ட்டை நிறுத்திவிட்டு ஓடுகிற ஓட்டத்திலேயே உருளவிட வேண்டும்.

6,000 குதிரைத்திறனுக்கு மேல் இருக்கும் இன்றைய டபிள்யூஏபி-7-ஐ கேமில் ஓட்டிப் பழகியவர், ஒழுங்காகச் செய்த 1930 இன்ஜினில் ஏறினால் முதல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் கெடுத்துவிடுவார். பழைய இன்ஜின் ஆட்-ஆனுக்கு ருசியே அதுதான். வெளித் தோற்றம் அழகாக இருந்து இந்த நாட்ச் கணக்கு உள்ளே இல்லையென்றால், அது பொம்மை.

சத்தத்துக்கு எங்கே போவது?

மாடல் செய்ய பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள் போதும். அளவுகளைப் பழைய வரைபடம், புகைப்படத்திலிருந்து ஓரளவு எடுத்துவிடலாம். சத்தம்தான் பிரச்னை.

இன்றைய ஏசி இன்ஜினில் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, அதன் ரீங்காரம் உண்டு. டிசி இன்ஜினில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. காற்று கம்ப்ரஸர் சத்தம், நாட்ச் மாறும்போது 'டப் டப்' என்று ஸ்விட்ச்சுகள் விழும் சத்தம், மோட்டார் பல்சக்கர முனகல். இதை இப்போது பதிவு செய்ய வழியில்லை. சென்னைப் பாதை 1960-களிலேயே 25,000 வோல்ட் ஏசிக்கு மாறிவிட்டது. மும்பையில் கடைசியாக மிச்சமிருந்த ஹார்பர் லைனும் 2016 ஏப்ரலில் மாறியது. இந்திய ரயில்வேயில் 1500 வோல்ட் டிசி காலம் அதோடு முடிந்தது. சென்னை இன்ஜினை ஓட்டிய கைகளைத் தேடினாலும், அவர்களுக்கு இன்று எண்பது வயதுக்குக் குறையாது.

பிரிட்டனில் நிலைமை பரவாயில்லை. லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயில்வேக்காக 1920-களில் செய்த இருபது இன்ஜின்களில் 'சாரா சிடன்ஸ்' என்ற ஒன்றைக் காயலாங்கடைக்கு அனுப்பாமல் ஓடும் நிலையில் காப்பாற்றி, விசேஷ நாட்களில் வெளியே எடுத்தார்கள். மைக் வைத்துப் பதிவு செய்ய ஒரு உயிருள்ள இன்ஜின் இருக்கிறது.

மான்செஸ்டர் - ஷெஃபீல்டு இடையிலான உட்ஹெட் பாதை இன்னொரு உதாரணம். சென்னை மாதிரியே 1500 வோல்ட் டிசி. அதற்கான முதல் இன்ஜின் 1941-ல் தயாரானது. போரால் கம்பி வேலை நின்றுபோக, அந்த இன்ஜினை 1947-ல் நெதர்லாந்துக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே அதற்கு 'டாமி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1954-ல் முழுசாக மின்மயமான பாதையின் நடுப்பகுதி, 1981-ல் மூடப்பட்டு தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. இன்று அந்த நடுப்பகுதியில் ரயில் ஓடுவது ட்ரெயின் சிமுலேட்டர் ஆட்-ஆனில் மட்டும்தான்.

பெயின்ட் மாற்றினால் போதுமா?

குறுக்குவழி ஒன்று உண்டு. ஏற்கெனவே இருக்கும் ஏதாவது இன்ஜினுக்குப் பெயின்டை மாற்றி, வேறு பெயர் எழுதிவிடுவது. விளையாட்டுக்கு என்றால் தப்பில்லை. ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால், நாலு மாதத்தில் அதுவே 'அபூர்வ புகைப்படம்' ஆகிவிடும். சத்தம் இன்னொரு இன்ஜினிலிருந்து எடுத்தது என்றால், ஆட்-ஆனோடு வரும் ரீட்மி ஃபைலில் அதை எழுதிவிடுவதுதான் நேர்மை.

இறக்குபவர்களும் கொஞ்சம் கவனமாக இருக்கணும். ரசிகர்கள் இலவசமாகக் கொடுத்ததை வேறு யாரோ காசுக்கு விற்றால் வாங்க வேண்டாம். ஆட்-ஆன் என்று சொல்லி போனில் ஏபிகே ஃபைல் போடச் சொன்னால், போட்டவர் யாரென்று தெரியாமல் தொடாதீங்க.

சரி, ஒய்சிஜி-1-ஐ நேரில் பார்க்க முடியுமா? முடியும், ஆனால் சென்னையில் இல்லை. நான்கில் ஒன்று டெல்லி சாணக்யபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பம்பாய் மலைப்பாதையில் சரக்கு இழுத்த, ஊழியர்கள் 'கேக்டா', அதாவது நண்டு என்று கூப்பிட்ட பெரிய பிரிட்டிஷ் காலத்து இன்ஜினும் அங்கேயே இருக்கிறது. மாடல் செய்யும் ஆசை இருப்பவர்கள் போனால், எதிர்ப்பக்கம், பக்கவாட்டு, சக்கரம், கூரை என்று எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ஆளை நிற்கவைத்து எடுக்கணும். திங்கட்கிழமை மட்டும் போகாதீங்க, அருங்காட்சியகத்துக்கு லீவு.